நூபுர கங்கையிலிருந்து நான்குவழிச் சாலை வரை: ஒரு நாள் ஒருவழி நடை

அழகர்மலையின் காட்டுக்குள் நூபுர கங்கை என்னும் ஊற்றில் நடையைத் தொடங்கி, மலையடிவார ஊர்களின் கண்மாய்க் கரைகளைப் பிடித்துக் கிழக்கே சென்று, அரிட்டாபட்டிக் குன்றுகளைக் கடந்து, பொழுது சாய்வதற்குள் மதுரை–மேலூர் நான்குவழிச் சாலையில் பேருந்து ஏறிவிடலாம். ஒரு முழுப் பகல் பிடிக்கும் இந்த நடை இருபது கிலோமீட்டருக்குக் குறையாது. கரைகளில் எப்படி வளைந்து போகிறோம் என்பதைப் பொறுத்து இன்னும் சில கிலோமீட்டர் கூடும். தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வராத நடை என்பதால் இதற்குத் தனியான ஆயத்தம் தேவைப்படுகிறது. மலை ஏறி இறங்கும் நடையில் களைத்தவர் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம். ஒருவழி நடையில் பாதியைத் தாண்டிவிட்டால் பின்னால் இருக்கும் தூரமே அதிகம். ஆகவே இதை முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கித் திட்டமிட வேண்டும்: எங்கே, எத்தனை மணிக்கு முடிக்கிறோம் என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, கிளம்பும் நேரத்தைக் கடைசியாகக் குறிக்க வேண்டும்.

திசையையும் இந்தக் கணக்குதான் தீர்மானிக்கிறது. அழகர்கோயிலில் முடிக்கலாம் என்று எண்ணி நான்குவழிச் சாலையிலிருந்து மேற்கே நடப்பவர்கள் உண்டு. அப்படி நடந்தால் பிற்பகல் வெயில் முழுவதும் முகத்தில் அடிக்கும்; மலைக்காட்டை அடையும்போது அந்திப் பொழுது ஆகிவிடும்; அந்த நேரத்தில் மலைச் சாலையில் மேலே செல்ல விடமாட்டார்கள். அழகர்கோயிலிலிருந்து கிழக்கே நடந்தால் காட்டின் குளிர்ச்சி காலையில் கிடைக்கிறது, பிற்பகல் வெயில் முதுகில் விழுகிறது, முடிவில் நிற்கும் இடமோ இரவிலும் பேருந்து ஓடும் நெடுஞ்சாலை. தாமதமாகிவிட்டாலும் நடுவழியில் தவிக்க வேண்டியதில்லை.

நேரக் கணக்கு

தை மாதத்தில் மதுரையில் ஏறத்தாழ ஆறேகால் மணிக்குச் சூரியன் மறைகிறது. நெடுஞ்சாலையை ஐந்தரைக்குள் அடைய வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அரிட்டாபட்டியை விட்டுப் பிற்பகல் மூன்றே முக்காலுக்காவது கிளம்ப வேண்டும். குடைவரைக் கோயிலையும் பாறைப் படுக்கைகளையும் பார்க்க ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால், அரிட்டாபட்டிக்கு இரண்டேகாலுக்குள் வந்து சேர வேண்டும். அதற்கு அ. வல்லாளபட்டியைப் பன்னிரண்டரைக்கும், கிடாரிப்பட்டியைப் பத்தரைக்கும், அழகர்கோயில் கோட்டை வாசலை ஒன்பதுக்கும் முன்பாகக் கடந்திருக்க வேண்டும். நூபுர கங்கையிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கக் கொஞ்சம் நின்று பார்த்து நடப்பவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆக, காலை ஏழரை மணிக்கு நூபுர கங்கையில் முதல் அடி எடுத்து வைத்தாக வேண்டும். தார்ச்சாலையில் மணிக்கு நான்கு கிலோமீட்டர், கண்மாய்க் கரையில் மூன்று கிலோமீட்டர், மணிக்கு ஒருமுறை பத்து நிமிட ஓய்வு என்ற அளவில் போட்ட கணக்கு இது. குழந்தைகளோ வயதானவர்களோ உடன் வந்தால் கால் பங்கு நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் மிக முக்கியமான புள்ளி வல்லாளபட்டி. கிடாரிப்பட்டியும் வல்லாளபட்டியும் அழகர்கோயில்–மேலூர் பேருந்துச் சாலையில் இருப்பதால், நடையைக் கௌரவமாக முடித்துக்கொள்ளக் கூடிய இரண்டு இடங்களாக அவற்றைக் கொள்ளலாம். மதியம் ஒரு மணிக்குள் வல்லாளபட்டியை அடையவில்லை என்றால் மேலே நடக்காதீர்கள். மேலூர் பேருந்தைப் பிடித்து ஊர் திரும்புங்கள். இந்த விதியைக் கிளம்பும் முன்பே குழுவில் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அந்த இடத்தில் நின்று விவாதிக்கத் தொடங்கினால் ஆர்வம் உள்ளவர் சொல்லே எடுபடும்.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதன்முறை நானும் என் தம்பியும் ஒன்பதரை மணிக்கு மலையிலிருந்து இறங்கத் தொடங்கினோம். வல்லாளபட்டியில் தேநீர் குடிக்கும்போது மணி இரண்டரை. இன்னும் கொஞ்சம்தானே என்று நடந்தோம். அரிட்டாபட்டியைத் தாண்டி ஒரு கண்மாய்க் கரையில் போய்க்கொண்டிருந்தபோது இருட்டிவிட்டது. கைபேசி வெளிச்சத்தில் முன்னால் போன தம்பி திடீரென்று கையை நீட்டி என்னைத் தடுத்தான். அவன் காலுக்கு ஒரு முழம் முன்னால், கரையின் குறுக்கே, கறுத்த உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்களோடு ஒரு கட்டுவிரியன் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. அது உள்சரிவில் இறங்கி மறையும் வரை இருவரும் மூச்சுவிடாமல் நின்றோம். பகலில் பதுங்கி இரவில் இரை தேடும் பாம்பு அது. அந்த நேரத்தில் அந்தக் கரையில் இருந்திருக்கக் கூடாதவர்கள் நாங்கள்தான்.

எப்போது செல்வது

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கண்மாய்களை நிரப்புகிறது. அந்த மாதங்களில் கரை மண் குழைந்து காலை வாரும்; ஓடைகளில் எப்போது தண்ணீர் வரும் என்றும் சொல்ல முடியாது. மார்கழி பாதிக்கு மேல் மாசித் தொடக்கம் வரை உள்ள காலமே உகந்தது: கண்மாயில் தண்ணீர் இருக்கும், கரை இறுகியிருக்கும், குளத்துப் பறவைகளும் நிறைய இருக்கும். மாசி பிற்பாதியிலிருந்து காடு காய்ந்துவிடுகிறது. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றும் இந்த நடைக்கு உரியவை அல்ல. நிழலே இல்லாத கரையில் அந்த மாதங்களின் நண்பகலில் நடப்பது எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் உயிருக்கு ஆபத்தானது.

காட்டைப் பற்றியும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அழகர்மலை காப்புக்காடு. பக்தர்கள் செல்லும் மலைச் சாலையில் நடப்பதற்கு மட்டுமே இந்தக் குறிப்பு. சாலையை விட்டு விலகி ஒற்றையடிப் பாதைகளில் ஏற வனத்துறையின் அனுமதி வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்து மலையேற்றம் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 மலையேற்ற வழிகளை இணையவழி முன்பதிவோடும் வழிகாட்டிகளோடும் அரசு திறந்துவைத்தது. காட்டின் உட்பகுதியில் நடக்க விரும்புவோர் அந்த வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கோடையில் தீக்காலத் தடை இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கட்டிக்கொள்ள வேண்டியவை

காலணி பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்மாய்க் கரைகளிலும், தண்ணீர் தேங்கும் உள்வாயிலும் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. வெட்டிப்போட்ட கிளைகள் காய்ந்து, முள் மட்டும் இரும்பு ஊசி போல நிமிர்ந்து, மண்ணோடு மண்ணாக மறைந்திருக்கும். ரப்பர் செருப்பு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அடிப்பாகம் மெலிந்த ஓட்டப் பயிற்சி ஷூவையும் அது துளைத்துவிடும். கெட்டியான அடிப்பாகம் உள்ள, ஏற்கெனவே சில வாரம் போட்டுப் பழகிய ஷூ வேண்டும். முள் குத்தினால் அப்படியே நடக்காதீர்கள். உட்கார்ந்து, காலைக் கழுவி, முள்ளின் தலை தெரிகிறதா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்து, குத்திய கோணத்திலேயே முள்வாங்கியால் இழுக்க வேண்டும். மேல்நோக்கி நெம்பினால் நுனி உள்ளேயே முறிந்துவிடும். முறிந்த நுனி இரண்டே நாளில் சீழ் பிடித்து வலிக்கும். நம் தாத்தாக்கள் அரைஞாண் கயிற்றிலேயே ஒரு முள்வாங்கியைத் தொங்கவிட்டிருந்த காரணம் இந்தக் கரைகளில் நடக்கும்போது நன்றாகப் புரிகிறது. நாட்டு மருந்துக் கடைகளிலும் திருவிழாக் கடைகளிலும் அது இன்னும் கிடைக்கிறது.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொண்டு, அழகர்கோயில், கிடாரிப்பட்டி, வல்லாளபட்டி ஆகிய மூன்று இடங்களிலும் குறைந்ததை நிரப்பிக்கொள்ளுங்கள். கண்மாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு, கருப்பட்டி ஒரு துண்டு, கடலை உருண்டை சில இருக்கட்டும். மதியச் சாப்பாட்டுக்கு வாழை இலையில் கட்டிய புளியோதரைதான் வெயிலில் கெடாமல் தாங்கும். தயிர்ச்சோறு எடுத்துச் செல்வதாக இருந்தால் பாலில் பிசைந்து கொஞ்சமாக உறை தயிர் விட்டுக் கட்டுங்கள், நண்பகலில் பதமாக இருக்கும். முழுக்கைச் சட்டை, தலைக்குத் துண்டு, குடை, டார்ச் லைட், மார்பளவு உயரத்தில் ஒரு கம்பு ஆகியவை போதும். பையின் எடை ஐந்து கிலோவைத் தாண்டினால் மதியத்துக்கு மேல் தோள் கெஞ்சும்.

மலையிலிருந்து இறக்கம்

மதுரையிலிருந்து அழகர்கோயில் 21 கிலோமீட்டர். அடிவாரத்திலிருந்து பழமுதிர்சோலைக்கும் அதற்கு மேலே நூபுர கங்கைக்கும் வாகன வசதி இருக்கிறது. காலையில் முதல் வண்டி எப்போது, மலைச் சாலை எப்போது திறக்கிறது என்பதை முதல் நாளே கோயில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சாலையில் நடந்தே ஏறி, அதே வழியில் இறங்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். கால் உரம் உள்ளவர்களுக்கு அது நல்லதுதான். ஆனால் அது இரண்டு மணி நேரத்தையும் பாதித் தெம்பையும் எடுத்துக்கொள்ளும். முதன்முறை செல்பவர்கள் வண்டியில் ஏறி, நூபுர கங்கையிலிருந்து நடையைத் தொடங்குவதே சரி என்பது என் கருத்து.

நூபுர கங்கை, மலையின் உள்ளிருந்து ஊறி வரும் ஊற்று. ராக்காயி அம்மன் காவல் இருக்கும் இடம். அழகருக்குத் திருமஞ்சனம் இந்தத் தண்ணீரில்தான். அங்கே இரண்டு கை அள்ளி முகம் கழுவிவிட்டு இறங்குங்கள். ஆறாவது படைவீடான பழமுதிர்சோலை வரைக்கும் சாலையின் இருபுறமும் மரங்கள் அடர்ந்திருக்கும். ஈரம் உள்ள ஓடைப் பக்கங்களில் உயர்ந்த மரங்களும், பாறைச் சரிவுகளில் உசில், வெப்பாலை போன்ற வறள்காட்டு மரங்களும் நிற்பதைக் கவனித்தால், ஒரே மலையில் தண்ணீர் எங்கெங்கே நிற்கிறது என்பது மரத்தை வைத்தே தெரிந்துவிடும். காலை வேளையில் பேச்சைக் குறைத்து நடங்கள். இந்த மலையில் காட்டுமாடு இருக்கிறது. சாலையில் எதிர்ப்பட்டால் நின்று, அதற்கு வழிவிட்டு, தானாக விலகும் வரை காத்திருக்க வேண்டும். குரங்குகள்தான் இங்கே அன்றாடத் தொல்லை. பழம், பிளாஸ்டிக் பை, தண்ணீர்ப் புட்டி எதையும் கையில் வெளியே தெரியப் பிடிக்காதீர்கள், உணவும் கொடுக்காதீர்கள்.

அடிவாரத்தில் பதினெட்டாம்படிக் கருப்பசாமியின் கதவுக்கு முன் நின்று கும்பிட்டுவிட்டுக் கிளம்புவது இந்தப் பக்கத்தாரின் வழக்கம். கழிப்பறை வசதி கடைசியாக ஒழுங்காகக் கிடைக்கும் இடமும் இதுவே என்பதை, முக்கியமாகப் பெண்கள், கணக்கில் கொள்ள வேண்டும். கோயில் பிரசாதமான தோசை கிடைத்தால் ஒன்றை வாங்கி நான்கு பேர் பிட்டுக்கொள்ளுங்கள். தோல் நீக்காத உளுந்தும் நெய்யும் சேர்ந்த கனமான பண்டம் அது. ஆளுக்கொன்று தின்றால் நடை தளரும்.

அடிவார ஊர்களும் கண்மாய்க் கரைகளும்

அழகர்கோயிலிலிருந்து மேலூர்ச் சாலையை ஒட்டிக் கிழக்கே நடக்கும்போது இடப்பக்கம் மலை கூடவே வரும். கிடாரிப்பட்டிக்கு மேலே அந்த மலையில் ஒரு குகைத்தளம் இருக்கிறது. சமணத் துறவிகளுக்காக வெட்டிய கற்படுக்கைகளும் தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டுகளும் உள்ள இடம். அந்தப் படுக்கைகளை அமைத்துக் கொடுத்தவர்களின் பெயர்களில் மதுரையைச் சேர்ந்த பொற்கொல்லன், உப்பு வணிகன், பணித வணிகன், கொழு வணிகன் என்று வருகிறது. பணிதம் என்பது வெல்லப்பாகு, கொழு என்பது ஏர்முனை. மதுரைக் கடைத்தெருவில் உப்பும் வெல்லமும் ஏர்க்கொழுவும் விற்றவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் இந்த மலைக்கு வந்து துறவிகளுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இந்த நடையில் மிகவும் பிடித்த செய்தி இது. ஆனாலும் ஒருவழி நடை செல்லும் நாளில் அந்தக் குகைக்கு ஏறாதீர்கள். ஏறி இறங்கும் நேரம் வல்லாளபட்டிக் கணக்கைக் கெடுத்துவிடும். அதற்கென்று இன்னொரு நாளை ஒதுக்குங்கள்.

கிடாரிப்பட்டிக்குப் பிறகு சாலையை விட்டுக் கண்மாய்க் கரைகளுக்கு மாறலாம். கரையில் வழி பிடிக்க, கண்மாய் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். நம் வட்டாரத்துக் கண்மாய் நான்கு பக்கமும் கரை கட்டிய குளம் அன்று. நிலச் சரிவின் தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவில் ஒரே ஒரு மண்கரை போட்டு, மேலிருந்து வரும் மழைநீரைத் தடுத்து நிறுத்துவது. மேல்பக்கம் திறந்தே இருக்கும். வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் அங்கிருந்து வரும். கரைக்கு வெளியே வயல்கள், கரையின் நடுவில் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடைகள், பெரும்பாலும் கரையின் ஒரு முனையில் உபரி நீர் வழிந்தோடும் கற்கட்டான கலுங்கு. கண்மாய் நிறைந்ததும் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் ஒன்றன் கீழ் ஒன்றாக வளைந்த கோடுகள் தெரியும். அவையே நாம் நடக்க வேண்டிய கரைகள். முதல் நாள் இரவே அந்தப் படத்தைக் கைபேசியில் இறக்கி வைத்து, ஒவ்வொரு கரையின் இரு முனைகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கரையில் ஏறுவது எளிது. அது முடியும் இடத்தில்தான் சிக்கல் வருகிறது. கலுங்கில் தண்ணீர் பாயவில்லை என்றால் கற்கட்டின் மேலேயே கடந்துவிடலாம். பாய்ந்தால், கணுக்கால் அளவே தண்ணீர் போனாலும் இறங்காதீர்கள். கலுங்கின் கல்லில் மாதக்கணக்கில் ஊறிய பாசி படிந்திருக்கும். மேலே தெளிந்த தண்ணீர் மெல்லிய ஏடு போல ஓடுவதால் கல் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும், பாசி தெரியாது. கால் வைத்த மாத்திரத்தில் வழுக்கி, கீழே தண்ணீர் விழுந்து குழி பறித்த இடத்தில் கொண்டுபோய்த் தள்ளிவிடும். கம்பின் நுனியால் கல்லை ஒருமுறை தேய்த்துப் பாருங்கள்: பச்சையாக வழித்துக்கொண்டு வந்தால் அந்த வழி இல்லை என்று பொருள். வயல் பக்கம் இறங்கி, கீழே பாலம் இருக்கும் இடம் வரை சுற்றிப் போவதே செய்ய வேண்டியது. அதற்காகவே நேரக் கணக்கில் அரை மணி நேரம் சேர்த்து வைத்திருக்க வேண்டும். வயலுக்குள் இறங்கும்போது நடவு முடிந்த வரப்புகளை மிதித்து உடைக்காமல், அகலமான பொதுவரப்பில் நடங்கள். வேலையில் இருப்பவர்களிடம், "ஐயா, இப்படிப் போகலாங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனால் பாதையையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

வழி கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "எவ்வளவு தூரம்?" என்று கேட்டால், "இந்தா, கூப்பிடு தூரந்தான்" என்பார்கள். தினமும் நடப்பவருக்கு அது உண்மை. நமக்கு அது முக்கால் மணி நேரம். "நீங்க நடந்தா எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டு, வந்த பதிலை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள். ஆடு மேய்ப்பவர்களே எல்லோரிலும் நம்பகமான வழிகாட்டிகள். எந்தக் கரை உடைந்திருக்கிறது, எந்த ஓடையில் தண்ணீர் நிற்கிறது என்பது அன்றன்றைக்கு அவர்களுக்குத் தெரியும்.

கண்மாயில் குளிக்க ஆசை வரும். இறங்காதீர்கள். கரம்பை மண்ணும் சவுடு மண்ணும் எடுத்த பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கின்றன. முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழத்தில் இருப்பார். மடை திறந்திருந்தால் அதன் வாய்ப் பக்கம் இழுப்பும் இருக்கும். வைகையின் பேரணையிலிருந்து கள்ளந்திரி வழியாக மேலூர்ப் பக்கம் வரும் பெரியாற்றுக் கால்வாயோ அதன் கிளைகளோ குறுக்கிட்டால், பாலத்தில் மட்டுமே கடக்க வேண்டும். மேலூர் வட்டாரத்தில் கைவிடப்பட்ட கருங்கல் குவாரிக் குழிகளும் உண்டு. செங்குத்தான விளிம்பும் நீலத் தண்ணீருமாகப் படமெடுக்கத் தூண்டும் அந்த இடங்களை எட்டவே நின்று கடந்துவிடுங்கள்.

அரிட்டாபட்டி

2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த ஏறத்தாழ 193 ஹெக்டேர் நிலத்தை அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 இயற்கைச் சுனைகள், 250 வகைப் பறவைகள் என்று அந்த அறிவிப்பு கணக்கிடுகிறது. குன்றில் விழும் மழை சுனைகளில் தங்கி, வழிந்து, கண்மாய்களுக்கு வருகிறது. மேலே பாறையும் கீழே ஆனைகொண்டான் கண்மாயும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும் இடத்தில் சற்று உட்கார்ந்தால் இந்த ஏற்பாடு முழுவதும் கண்ணுக்குத் தெரியும். இப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து மேலூர் வட்டார மக்கள் திரண்டு போராடியதும், 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்ததும் அண்மைச் செய்தி. இந்த ஊருக்குள் நடக்கும்போது, தம் குன்றையும் கண்மாயையும் காத்துக்கொண்டவர்களின் ஊரில் நடக்கிறோம் என்ற மரியாதை நம்மிடம் இருக்க வேண்டும்.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, சிவனுக்காகக் குடைந்த குடைவரைக் கோயில். அங்கே சிவனின் ஒரு வடிவமாகப் பாசுபத சைவர்கள் போற்றும் லகுலீசரின் சிற்பம் இருக்கிறது. தமிழகத்தில் லகுலீசரை அரிதாகவே காண முடியும். மற்றொன்று, சமணர் படுக்கையும் அதன் தமிழிக் கல்வெட்டுகளும் மகாவீரர் புடைப்புச் சிற்பமும். கல்வெட்டுகளில் நெல்வேலி, இலஞ்சி என்று தெற்கத்தி ஊர்களின் பெயர்கள் வருகின்றன. எழுத்தின் மேல் சுண்ணாம்போ தண்ணீரோ தடவிப் பார்க்க வேண்டாம். பிற்பகல் சாய்ந்த வெளிச்சத்திலேயே எழுத்தின் பள்ளம் தெரியும். ஊரில் ஒருவரை வழிகாட்ட அழைத்துச் செல்லுங்கள், அவருக்கு உரிய கூலியைக் கேட்டுக் கொடுங்கள்.

செங்குத்துப் பாறைகளில் லகர் வல்லூறு உள்ளிட்ட வேட்டைப் பறவைகள் வாழ்கின்றன. தை மாதத்திலிருந்து அவற்றுக்கு இனப்பெருக்கக் காலம். பாறை முகப்பை நெருங்கவோ டிரோன் பறக்கவிடவோ கூடாது. பாறை விளிம்புகளில் மலைத்தேன் கூடுகள் கரிய பலகை போலத் தொங்கும். வாசனைத் திரவியம், புகை, கூச்சல் மூன்றும் அவற்றுக்கு ஆகாது. தேனீ கலைந்து வந்தால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடி விலகுங்கள். தண்ணீரில் மூழ்கித் தப்பலாம் என்று கண்மாய்க்குள் குதிக்காதீர்கள்.

பாம்பு கடித்துவிட்டால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதையும் செய்யக் கூடாது. கடித்த கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து, மேலூர் அரசு மருத்துவமனைக்கோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ கொண்டுசெல்ல வேண்டும். கட்டுவிரியன் கடியில் வலியோ வீக்கமோ இல்லாமலும் இருக்கலாம் என்பதால், வலி இல்லையே என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது.

நெடுஞ்சாலைக்கு

அரிட்டாபட்டியிலிருந்து நரசிங்கம்பட்டிக்கோ தெற்குத்தெருவுக்கோ ஊர்ச்சாலை வழியாகவே இறங்குங்கள். நாள் முழுவதும் நடந்த கால், இந்தக் கடைசி ஐந்தாறு கிலோமீட்டரில்தான் இடறும். கரையில் நடக்கும் ஆசையை மூன்றே முக்கால் மணிக்கு விட்டுவிட வேண்டும். ஊர் நாய்கள் குரைத்தால் ஓடாமல் நின்று, கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு, மெதுவாகக் கடந்து செல்லுங்கள். நரசிங்கம்பட்டிப் பக்கம் போனால் பெருமாள்மலை உங்களுக்கு அடையாளம்.

நான்குவழிச் சாலையைக் குறுக்கே ஓடிக் கடக்காமல், கடப்பதற்கென்று விட்டிருக்கும் இடத்தில் கடந்து, மதுரை செல்லும் பக்கத்தில் நில்லுங்கள். தொலைதூரப் பேருந்துகள் நிற்காது. மேலூரிலிருந்து மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்துக்கு வரும் நகரப் பேருந்துகள் நிற்கும், அடிக்கடியும் வரும். ஏறுவதற்கு முன் ஷூவைக் கழற்றி அடிப்பாகத்தைப் பாருங்கள். பாதி ஏறிய முட்கள் இரண்டு மூன்றாவது குத்தியிருக்கும்; அவற்றை அங்கேயே பிடுங்கி ஒரு காகிதத்தில் மடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மறுநாள் வீட்டு வாசலில் யார் காலிலாவது ஏறும். காலையில் கிளம்பும்போது வீட்டில் யாரிடம் நேரம் சொல்லிவிட்டு வந்தீர்களோ, அவருக்கு நான்குவழிச் சாலைக்கு வந்து சேர்ந்துவிட்டதாகத் தகவல் சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறுங்கள்.